தோற்ற படை எந்தத் திசையில் பின்வாங்கியது?

பெரும்படையைச் சிறுபடை வெல்வதற்குப் போரியலில் ஒரு பழைய வழி உண்டு. எதிரியின் முழு வலிமையையும் ஒரே நேரத்தில் சந்திக்காமல், பிரிந்து நிற்கும் அணிகளை ஒவ்வொன்றாகத் தாக்கி முறியடிப்பதே அது. மொத்தக் கணக்கில் சிறியதான படை, மோதல் நிகழும் இடத்தில் மட்டும் பெரியதாகிவிடுகிறது. பிரித்தாளும் சூழ்ச்சி பிளவை உருவாக்குகிறது. இந்த உத்தியோ ஏற்கெனவே இருக்கும் பிளவைப் பயன்படுத்திக்கொள்கிறது.

1796 ஏப்ரலில் வடக்கு இத்தாலியில், 26 வயதுத் தளபதி நெப்போலியன் இதைச் செய்துகாட்டினார். எதிரே நின்ற ஆஸ்திரியப் படையும் பியட்மான்ட் படையும் சேர்ந்தால் பிரெஞ்சுப் படையைவிடப் பெரியவை. ஆனால் ஆஸ்திரியர்களின் தளம் கிழக்கே லொம்பார்டியில் இருந்தது. பியட்மான்ட் படை காக்க வேண்டிய தலைநகர் தூரினோ வடமேற்கே இருந்தது. இரு படைகளும் இணையும் மலைப்பகுதிக்குள் நெப்போலியன் புகுந்தார். ஏப்ரல் 12 அன்று மோன்டெனோட்டேயில் ஆஸ்திரியர்கள் தோற்றனர். தோற்றவர்கள் தத்தம் தளத்தைக் காக்க விலகிச் செல்ல, இடைவெளி மேலும் அகன்றது. ஏப்ரல் 21 அன்று மொன்டோவியில் பியட்மான்ட் படை தனித்து நின்று தோற்றது. ஏப்ரல் 28 அன்று பியட்மான்ட் போர்நிறுத்தத்தில் கையொப்பமிட்டுக் கூட்டணியைவிட்டு விலகியது.

1815 ஜூனில் பெல்ஜியத்தில் நெப்போலியன் அதே உத்தியைக் கையாண்டார். வெலிங்டனின் படைக்கும் புளூசரின் பிரஷ்யப் படைக்கும் நடுவே நுழைந்து, ஜூன் 16 அன்று லிக்னியில் பிரஷ்யர்களைத் தோற்கடித்தார். அவர்கள் ரைன் நதியை நோக்கிக் கிழக்கே ஓடுவார்கள் என்று கருதி, துரத்திச்செல்லத் தளபதி குரூஷியிடம் ஏறத்தாழ 33,000 வீரர்களை ஒப்படைத்தார்.

பிரஷ்யர்கள் கிழக்கே செல்லவில்லை. தங்கள் தளத்துடனான தொடர்பு அறுபடும் ஆபத்தை ஏற்று, வடக்கே வாவ்ர் நகருக்குப் பின்வாங்கினர்; அது வெலிங்டன் பின்வாங்கிய பாதைக்கு இணையான வழி. புளூசர் துணைக்கு வருவார் என்ற உறுதியை நம்பியே வெலிங்டன் வாட்டர்லூவில் நின்றார். ஜூன் 18 பிற்பகலில், சேற்று வழிகளைக் கடந்து வந்த பிரஷ்யப் படை பிரெஞ்சுப் படையின் வலப்பக்கத்தைத் தாக்கியது. அன்றிரவே போர் முடிந்தது.

இரு போர்களிலும் கூட்டணிப் படைகளுக்கிடையே இடைவெளி இருந்தது. இரண்டிலும் முதல் அடி நெப்போலியனுடையதே. தோற்ற அணி முதலில் எதைக் காக்க விரைந்தது என்பதில்தான் வேறுபாடு. தன் வீட்டை நோக்கி ஓடியவர் நண்பரையும் இழந்தார். நண்பரை நோக்கிப் பின்வாங்கியவர் இரண்டே நாள்களில் தோல்வியை வெற்றியாக்கினார்.