எரிந்த வீடும் இறந்த மனிதரும்

2022 மே 9 அன்று இலங்கைப் பிரதமரின் இல்லமான அலரி மாளிகையில் கூடிய ஆளுங்கட்சி ஆதரவாளர்கள், அங்கிருந்து வந்து காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராகப் போராடியவர்களைத் தடிகளால் தாக்கினர். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெயிலில் வரிசை கட்டி நின்ற மக்களின் ஆத்திரம் அன்றிரவே அரசியல்வாதிகளின் வீடுகளில் தீயாகப் பற்றியது. நிட்டம்புவயில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரளவும் அவரது பாதுகாவலரும் கொல்லப்பட்டனர். தடியடியைக் காடைத்தனம் என்ற பலர் இக்கொலையை மக்கள் தீர்ப்பு என்றனர். வீடுகளுக்காக அழுதவர்களோ தடியடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பின்னர் 43 அரசியல்வாதிகளுக்கு 122 கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு வழங்கப்பட்டதை 2025இல் அரசாங்கமே பாராளுமன்றத்தில் வெளியிட்டது.

நாட்டின் கிழக்கில், யாருக்காக அழுவது என்பதிலுள்ள இந்தப் பாரபட்சம் பழையது. அங்கே வர்க்கத்தோடு இனமும் சேர்ந்துகொள்கிறது. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒன்பது நாட்களின் பின், வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். இரண்டுக்கும் ஆண்டுதோறும் நினைவேந்தல் நடக்கிறது, பெரும்பாலும் தனித்தனியே. இறந்தோரில் அநேகர் சாதாரண குடும்பத்தவர். இரு படுகொலைகளுக்காகவும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.