நான்கு கைகள், பத்துக் குழந்தைகள்

மெக்சிகோவின் வடமேற்கில், பாலைவனத்தை ஒட்டிய எர்மோசியோ நகரம். 2009 ஜூன் 5, வெள்ளிக்கிழமை. ஏ.பி.சி. என்ற பெயரில் இயங்கிய குழந்தைகள் காப்பகத்தில் அது மதியத் தூக்க நேரம். உள்ளே ஏறக்குறைய 140 குழந்தைகள். மணி மூன்றை நெருங்கியபோது கூரையிலிருந்து புகையும் எரியும் துளிகளும் இறங்கின. 49 குழந்தைகள் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள்.

தீ காப்பகத்துக்குள் பிறந்ததல்ல. அந்தக் கட்டடம் ஒரு பெரிய கிடங்கு. அதில் ஒரு பகுதியைக் காப்பகமாக மாற்றியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மாநில நிதித்துறை தன் பழைய ஆவணங்களை அடுக்கி வைத்திருந்தது. அங்கிருந்த ஏர்கூலர் அளவுக்கு மீறிச் சூடாகி, காகிதக் கட்டுகள் மேல் நெருப்பு விழுந்தது என்பது அரசு விசாரணை சொன்ன காரணம். பெற்றோரில் பலர் இதை இன்றுவரை ஏற்கவில்லை. காரணம் எதுவானாலும், சூடான புகை கூரையடியில் சேர்ந்து காப்பகத்தின் பக்கம் நகர்ந்தது. அழகுக்காகவும் வெயிலைத் தடுக்கவும் அங்கே துணியும் பாலியூரிதேன் நுரையும் கொண்டு ஃபால்ஸ் சீலிங் கட்டியிருந்தார்கள். கீழே தூங்கியவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் மேலே நடப்பது தெரியவில்லை. தெரிந்தபோது சீலிங் முழுவதும் எரிந்தபடி கீழே வந்துகொண்டிருந்தது.

வெளியேறப் பயன்பட்ட வாசல் ஒன்றுதான். அவசர வழி என்று காட்டியிருந்தது திறக்கவில்லை. சன்னல்கள் எட்டாத உயரத்தில். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள், இளைஞர் ஒருவர் தன் பிக்கப் வண்டியைச் சுவரில் மோதி, மீண்டும் மீண்டும் மோதி, ஓட்டை போட்டார். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் குழந்தைகள் பலரை வெளியே எடுத்தார்கள்.

இந்தக் காப்பகம் ஊருக்குத் தெரியாமல் நடந்ததல்ல. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்காக மெக்சிகோ சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தனியாரிடம் ஒப்பந்தம் போட்டு நடத்திய இடம். விபத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் ஓர் ஆய்விலும் தேறியிருந்தது. தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் 2004 ஜூலை 16 நினைவுக்கு வராமல் இருக்காது. கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீ, குறுகலான படிக்கட்டுக்கு மேலே இருந்த 94 குழந்தைகளைக் கொன்றது. இரண்டு இடங்களிலும் கூரைதான் எரிந்தது. இரண்டு இடங்களிலும் வழிதான் இல்லை. கீற்றுக்கும் நுரைக்கும் ஐந்தாண்டு இடைவெளிகூட இல்லை.

தீப் பாதுகாப்பு விதிகளை எழுதுபவர்கள் மனத்தில் ஒரு மனிதரை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். அவர் மணி ஒலித்தால் விழிப்பார், விழித்தால் அது என்ன மணி என்று புரிந்துகொள்வார், எக்சிட் பலகையைப் படிப்பார், நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் நடப்பார், தாழ்ப்பாளைத் திறப்பார். திரையரங்கின் வாசல் அகலம் முதல் அலுவலகத்தின் படிக்கட்டு வரை இந்த மனிதரை வைத்தே கணக்கிடப்படுகின்றன. எட்டு மாதக் குழந்தைக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓடத் தெரியும், ஆனால் பயந்தால் வாசலைத் தேடாது. கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்துகொள்ளும். புகை மண்டிய அறையில் தேடும் தீயணைப்பு வீரர்களுக்கு இந்த ஒளிவிடங்களைத் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

உடலும் ஒத்துழைப்பதில்லை. பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். கைக்குழந்தை 30 முறைக்கு மேல். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை இழுக்கும் காற்று அதிகம். ஆகவே, அதே அறையில், அதே நேரத்தில், குழந்தையின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு வேகமாக ஏறும். பாலியூரிதேன் நுரை எரியும்போது இதனுடன் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். மெத்தை, சோபா, விளையாட்டு விரிப்பு என்று காப்பகத்தில் 'மிருது' என்பதற்காக வாங்கும் பொருள்களில் பல இந்த நுரைதான்.

தூக்கம் இன்னொரு சிக்கல். ஸ்காட்லாந்தின் டன்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2 முதல் 13 வயது வரையிலான 34 குழந்தைகள் தூங்கும் அறைகளில் வழக்கமான புகை அலாரத்தைப் பலமுறை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். 27 பேர் ஒருமுறைகூட எழவில்லை. சாதாரண அலாரத்தின் கீச்சொலி சுமார் 3,000 ஹெர்ட்ஸ். அந்த உயர் ஸ்தாயி குழந்தையின் ஆழ்ந்த தூக்கத்தைக் கலைக்கவில்லை. ஒலியின் ஸ்தாயியைத் தாழ்த்தி, கூடவே ஒரு பெண்குரலைச் சேர்த்தபோது பெரும்பாலோர் விழித்தார்கள். அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்விலும் தாயின் குரல் கீச்சொலியைவிட நன்றாக எழுப்பியது. காப்பகத்தில் அலாரம் பெரியவர்களுக்காகத்தான் ஒலிக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அலாரம் அடித்த பிறகும் அறை முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும் என்பதை யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? அமெரிக்காவின் யு.எல். ஆய்வகம் இரண்டு அறைகளை அடுத்தடுத்து அமைத்துக் கொளுத்திப் பார்த்திருக்கிறது. ஒன்றில் பழைய காலத்து மர நாற்காலி, பருத்தி மெத்தை. மற்றொன்றில் இன்றைய செயற்கை இழைத் துணி, நுரை சோபா. பழைய அறை முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ள 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. புதிய அறைக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தலைகீழாகத் தேங்கும் வெள்ளம்போல் சூடான புகை கூரையடியில் திரண்டு, நிரம்ப நிரம்பக் கீழே இறங்குகிறது. சுமார் 600 டிகிரியை எட்டும்போது அறையிலுள்ள அத்தனையும் ஒன்றாக எரியத் தொடங்குகின்றன. அதே ஆய்வகம் மூடிய கதவுக்கு அப்பால் என்ன வெப்பம் என்றும் அளந்தது. கதவு திறந்திருந்த அறையில் 500 டிகிரிக்கு மேல். சாத்தியிருந்த அறையில் 40 டிகிரியைச் சுற்றி. கதவைச் சாத்துவதற்குக் காசு எதுவும் ஆகாது.

இனி கைகளின் கணக்கு. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மகப்பேறு பயன் திருத்தச் சட்டம், 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றது. அதற்காக மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளரும் கூட ஓர் உதவியாளரும் என்று கணக்குப் போடுகின்றன. பத்தும் நடக்கத் தெரியாத குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டைத் தூக்கினால் முதல் நடையில் நான்கு, இரண்டாம் நடையில் நான்கு, மூன்றாம் நடையில் இரண்டு. நடை என்றால் போவது மட்டுமல்ல, புகைக்குள் திரும்பி வருவதும் சேர்த்துத்தான். வெளியே கொண்டுபோய் விட்ட நான்கு குழந்தைகளை அந்த நேரத்தில் தெருவில் யார் பார்த்துக்கொள்வது? ஆயாக்களில் ஒருவர் அன்று விடுப்பில் இருந்தால்? ஜப்பானில் ஒரு வயது நிரம்பாத மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. செலவு பிடிக்கும் விதிதான். ஆனால் தீயணைப்புக் கருவி எத்தனை வாங்கினாலும் அந்தக் கைகளுக்கு ஈடாகாது என்பதே இந்தக் கட்டுரையாளரின் எண்ணம்.

கை போதாத இடத்தில் சக்கரம் உதவுகிறது. ஜப்பானியக் காப்பகங்களில் இடுப்பளவு உயரத்தில் தள்ளுவண்டி ஒன்று நிற்கும். உள்ளே ஐந்தாறு குழந்தைகள் நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொள்ளும்; ஒருவர் தள்ளிக்கொண்டு போகலாம். தினமும் பூங்காவுக்குப் போவதும் அதே வண்டியில்தான் என்பதால் ஆபத்து வேளையில் குழந்தைகள் ஏற மறுப்பதில்லை. அங்கே மாதம் ஒருமுறையாவது வெளியேறும் ஒத்திகை நடத்துவது சட்டப்படி கட்டாயம். அமெரிக்கக் காப்பகங்களில் இதே வேலையைச் சற்றே பெரிய சக்கரம் வைத்த தொட்டில்கள் செய்கின்றன.

சக்கரம் படிக்கட்டில் இறங்காது. ஆகவேதான் பல காப்பக விதிகள் தரைத்தளத்தைச் சுற்றி வருகின்றன. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட நெறி, இரண்டரை வயதுக்குட்பட்ட ஐந்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை மருத்துவமனையோடு ஒரே குடும்பத்தில் சேர்க்கிறது. இரண்டிலும் இருப்பவர்கள் தாமாக எழுந்து போக முடியாதவர்கள். குழந்தைகள் வெளிவாசல் உள்ள தளத்திலேயே இருந்து, ஒவ்வோர் அறையிலிருந்தும் நேரே வெளியே திறக்கும் கதவும் இருந்தால் மட்டும் அந்தக் கடுமையைத் தளர்த்தி, பள்ளிக்கான விதிகள் போதும் என்கிறது. கத்தாரின் தோஹா நகரில் வில்லாஜியோ வணிக வளாகத்தில் 2012 மே 28 அன்று நடந்தது இதற்கு எதிர்ப்பக்கச் சான்று. வளாகத்தின் மாடியில் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருந்தது. கீழே கடையொன்றில் பிடித்த தீயின் புகை படிக்கட்டை அடைத்தது. வீரர்கள் கூரையை உடைத்துத்தான் உள்ளே இறங்க முடிந்தது. 13 குழந்தைகள், நான்கு ஆசிரியைகள், இரண்டு தீயணைப்பு வீரர்கள் என 19 பேர் இறந்தார்கள்.

காப்பகம் நடத்துபவர்கள் விதிகளை மீறுவது எப்போதும் அலட்சியத்தால் மட்டும் அல்ல. பூட்டு விஷயத்தில் அவர்களிடம் நியாயமும் இருக்கிறது. கதவு திறந்தால் குழந்தை சாலைக்கு ஓடிவிடும். அறிமுகமில்லாத ஒருவர் உள்ளே வந்துவிடலாம். அதனால் ஷட்டரை இறக்கி, கிரில் கேட்டைப் பூட்டி, சாவியை டீச்சரின் கைப்பையில் போட்டு வைக்கிறார்கள். நெறிகள் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கின்றன. வெளியிலிருந்து பூட்டியிருக்கலாம், உள்ளிருந்து சாவி இல்லாமல், ஒரே அசைவில் திறக்க வேண்டும். அந்தப் பிடி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் இரண்டு பயமும் தீர்ந்தது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் உயிர்ப் பாதுகாப்பு நெறி இன்னும் நுணுக்கமாகப் போகிறது. அலமாரி அறையின் தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தை திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாள் வெளியே நிற்கும் ஆயா திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்ளர் இல்லாத கட்டடத்தில் குழந்தைகளின் ஓவியங்களும் பாட அட்டைகளும் சுவர்ப் பரப்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஒட்டக் கூடாது. காகிதம் ஒட்டிய சுவர், தீ ஏறும் ஏணி.

வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறிய காப்பகங்கள்தான் விதிகளின் கண்ணில் எளிதில் படாதவை. அமெரிக்காவின் ஈரி நகரில் 2019 ஆகஸ்ட் 11 அதிகாலை, இரவுப்பணிப் பெற்றோர் விட்டுச்சென்ற பிள்ளைகள் தூங்கிய அப்படியொரு வீட்டில் தீப்பிடித்து ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். அங்கே இருந்த ஒரே புகை உணர்வி பரணில் இருந்தது. ஹூஸ்டனில் 2011இல் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு, தூங்கும் குழந்தைகளை விட்டுக் கடைக்குப் போனார் காப்பகம் நடத்தியவர். நான்கு குழந்தைகள் பிழைக்கவில்லை. நம் ஊரிலும் மாடி வீட்டு பிளே ஸ்கூல்களில் இன்வர்ட்டர் பேட்டரி படிக்கட்டுக்கு அடியிலும், பால் காய்ச்சும் சிலிண்டர் வாசலுக்குப் பக்கத்திலும் இருப்பதைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

எர்மோசியோ பெற்றோர் தெருவில் இறங்கினார்கள்; இரண்டாண்டுக்கு மேல் போராடினார்கள். 2011 அக்டோபர் 24 அன்று மெக்சிகோ வெளியிட்ட காப்பகச் சட்டத்தை மக்கள் 'ஜூன் 5 சட்டம்' என்றே அழைக்கிறார்கள். அதன்படி, ஆபத்து விளைவிக்கக்கூடிய எந்த நிறுவனமும் காப்பகத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, கட்டடத்தில் வழக்கமாக இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகையைக் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் வரிசையாக நிற்கவைத்து நடத்துவது எளிது. அதில் யாரும் தூங்குவதில்லை, யாருக்கும் டயப்பர் மாற்றப்படுவதில்லை. மதியம் இரண்டரை மணிக்கு நடத்தினால்தான் உண்மை தெரியும்.

தெரியவரும் உண்மைகள் பெரும்பாலும் சிறியவை. சக்கரத் தொட்டில் அறைக் கதவைவிட இரண்டு அங்குலம் அகலம் என்பது அன்றுதான் கண்ணில் படும். தமிழ்நாட்டு வீடுகளில் இன்னொரு தடை உண்டு: நிலையின் அடிக்கட்டை. அதைத் தாண்டினால் வாசலில் இரண்டு படிகள். அந்த வீட்டை வாடகைக்கு எடுத்துக் காப்பகம் ஆக்கும்போது வண்ணம் அடிக்கிறார்கள், கார்ட்டூன் வரைகிறார்கள். அடிக்கட்டையும் படிகளும் அப்படியே இருக்கும். அடிக்கட்டையைச் செதுக்கிச் சமமாக்கி, படிகளுக்குமேல் சிமெண்ட் சரிவு போட ஒரு கொத்தனாருக்கும் ஒரு தச்சருக்கும் ஒரு நாள் வேலை. வீட்டுக்காரரின் சம்மதத்தை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.