அம்மாவின் ஃபோன், அப்பாவின் மைகாட்: பாரிட் புந்தாரில் டிஜிட்டல் வாழ்க்கை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கவிழ்க்கிறது?

வீட்டில் யாருடைய ஃபோன் ரோசாக் ஆனாலும் முதலில் கூப்பிடுவது உங்களைத்தானே? "தம்பி, இது என்னமோ நம்பர் கேக்குது, கொஞ்சம் பாரு" என்று அம்மா நீட்டுவார். தாத்தாவின் உதவித் தொகை வந்துவிட்டதா என்று பார்ப்பது, தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுப்பது, பேங்க் செயலியை மறுபடியும் திறந்து கொடுப்பது எல்லாம் உங்கள் தலையில்தான். சம்பளம் இல்லாத குடும்ப ஐடி அதிகாரி நீங்கள்.

அந்த வேலையைச் செய்கிறவருக்காகத்தான் இந்த விளக்கம். 'கணினியால் நன்மைகள், தீமைகள்' என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியிருப்பீர்கள். அதை அப்படியே திரும்ப எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு சின்ன ஊரை எடுத்து, அங்கே அன்றாடம் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்போம்.

ஏன் பாரிட் புந்தார்?

பேராக்கின் வடமேற்கு மூலையில், கெரியான் மாவட்டத்தின் தலைநகரம் இது. ஆற்றைத் தாண்டினால் கெடாவின் பந்தார் பாரு, பக்கத்திலேயே பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால். சுற்றிலும் நெல் வயல். நம் முன்னோர்கள் இந்த வட்டாரத்துக்கு முதலில் வந்தது கரும்புத் தோட்டங்களுக்காக. பிறகு ரப்பர் வந்தது, அதற்குப் பிறகு செம்பனை. இன்று அந்தத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் விடியற்காலையில் கிலாங் பஸ் ஏறி பினாங்கு மாநிலத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வட்டாரம் வந்ததிலிருந்து, உலகத்தின் கணினிகளுக்குள் உட்காரும் சிப்புகளைச் செய்து அனுப்பும் இடங்கள் அவை.

ஆக, ஒரே வீட்டில் சிப் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகளும் இருப்பார், ஏடிஎம் பொத்தானை அழுத்த இன்னும் தயங்கும் பாட்டியும் இருப்பார். தொழில்நுட்பம் யாருக்கு உதவுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் வேண்டாம்.

ஃபோனே தேவைப்படாத தொழில்நுட்பம்

2025 ஜூலை 23-இல் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்பு செய்தார். 18 வயது நிரம்பிய மலேசியர் அனைவருக்கும் 'சாரா' திட்டத்தின் கீழ் 100 ரிங்கிட். ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, ஆகஸ்ட் 31 முதல். அதே ஆண்டு செப்டம்பர் 30-இலிருந்து செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் குடிமக்கள் அனைவருக்கும் 'புடி95' வந்தது. ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென், மாதத்துக்கு 300 லிட்டர் வரை என்று தொடங்கியது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பதிவு செய்ய வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், ஸ்மார்ட்ஃபோன்கூட கட்டாயமில்லை. மைகாட்டை எடுத்துப் போய் கடையிலோ எண்ணெய் நிலையத்திலோ கருவியில் செருகினால் போதும். மைகாட் 2001-இல் அறிமுகமான அட்டை. தாத்தா இருபது வருஷத்துக்கும் மேலாக பணப்பையில் வைத்திருக்கும் பொருள். அதற்குள் ஒரு சிப் இருப்பது தெரியாமலே அவர் அதைப் பயன்படுத்துகிறார். என்னைக் கேட்டால், நம் நாட்டில் முதியவர்களுக்கு ஏற்றபடி அமைந்த கணினித் தொழில்நுட்பம் இதுதான் என்பேன். கஷ்டமான வேலை எல்லாம் பின்னால் இருக்கும் கணினிக்கு, மனிதருக்கு ஒரே ஓர் அட்டை.

ஆனால் இதன் பலவீனமும் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் 31 அன்று ஒரே நேரத்தில் எல்லாரும் கடைக்குப் போக, கணினி முறை திணறியது. கூடையில் அரிசியும் எண்ணெயும் இருக்கிறது, கவுண்டரில் நகரவில்லை. முன்பெல்லாம் தோட்டத்துக் கடையில் காசு இல்லையென்றால் 555 புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகலாம். இந்தக் கருவிக்கு '555' தெரியாது. லைன் இல்லையென்றால் இல்லைதான். அட்டையின் சிப் தேய்ந்துபோயிருந்தால், தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மாற்றினால்தான் வேலை நடக்கும். இந்த வாரம் வீட்டில் உள்ள பெரியவர்களின் மைகாட்டைப் புரட்டிப் பாருங்கள். சிப் கீறியிருந்தால், ஒட்டுப் பிளாஸ்திரி போட்டு வைத்திருந்தால், மாற்றச் சொல்லுங்கள்.

கியூஆர் ஒட்டிய ஒட்டுக்கடை

இன்று பசார் மாலாமில் அப்பம் விற்கும் அக்கா முதல் தே தாரிக் கடை வரை ஒரு கியூஆர் அட்டை தொங்குகிறது. எந்த பேங்க் செயலியாலும் எந்த இ-வாலட்டாலும் ஒரே கியூஆருக்குப் பணம் கட்டலாம் என்ற 'டூயிட்நவ்' ஏற்பாடு 2019-இல் வந்தது. சில்லறை தேட வேண்டாம், இரவில் பணப்பெட்டியோடு தனியாக வீட்டுக்குப் போக வேண்டாம். சின்ன வியாபாரிக்கு இன்னொரு லாபமும் உண்டு. எவ்வளவு விற்றோம் என்பது பேங்கில் பதிவாகிவிடுகிறது. நாளைக்குக் கடன் கேட்டுப் போனால் காட்ட ஏதாவது இருக்கும்.

தொல்லை என்னவென்றால், பணம் கட்டியதாக ஒரு பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கூட்ட நேரத்தில் அக்கா உற்றுப் பார்ப்பாரா? உங்கள் வீட்டில் யாராவது கடை வைத்திருந்தால், வாடிக்கையாளரின் திரையை நம்பாமல் தன் ஃபோனில் வரும் அறிவிப்பை மட்டும் நம்பச் சொல்லுங்கள்.

மொழி என்ற சுவர்

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர்களுக்கு நன்றாகப் படிக்க வருவது தமிழ் மட்டும். பெரும்பாலான பேங்க் செயலிகளோ மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் பேசுகின்றன. 'அங்கீகரிக்கவா, நிராகரிக்கவா' என்று கேட்கும் இரண்டு பொத்தான்களில் எது எது என்று தெரியாமல் அழுத்துவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

இங்கே ஒரு பெருமையையும் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியில் நாம் தமிழில் தட்டுவதற்குப் பெரிய காரணங்களில் ஒருவர் ஒரு மலேசியர். முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றை உருவாக்கிய முத்து நெடுமாறன். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. எழுத்துரு வந்துவிட்டது, விசைப்பலகை வந்துவிட்டது. ஆனால் சேவைகள் தமிழில் வருவது இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது.

இந்தச் சுவரைப் பாட்டிமார்கள் தாண்டிய விதம் வேறு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு! படிக்க வேண்டாம், எழுத வேண்டாம், பொத்தானைப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும். சிங்கப்பூரில் வேலை செய்யும் பேரனிடம் தினமும் நாலு நிமிஷம் திட்டு அனுப்பலாம். கணினித் தொழில்நுட்பத்தின் நன்மை என்று பெரியவர்களிடம் கேட்டால், பலரும் முதலில் சொல்வது இதைத்தான்.

லைன் கிடைக்காதவர்களின் கதையும் உண்டு. கோவிட் காலத்தில் பாடங்கள் இணையத்துக்கு மாறியபோது, ஒரே ஃபோனை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகள் ஏராளம். சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த காணொளி 2020-இல் நாடு முழுவதும் பரவியது. 2021 டிசம்பர் 31-உடன் 3ஜி சேவையும் நிறுத்தப்பட்டது. வேகமான 4ஜிக்கு இடம்விட அது தேவைப்பட்டது, சரி. ஆனால் பழைய ஃபோனை வைத்திருந்த பெரியவர்களுக்கு நல்ல ஃபோன் ஒரே நாளில் இணையம் இல்லாத ஃபோனாகிவிட்டது.

பணம் எப்படிப் போகிறது?

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். 2024-இல் மட்டும் இணைய மோசடிகளில் மலேசியர்கள் இழந்தது 150 கோடி ரிங்கிட்டுக்கும் மேல். கணினியை ஹேக் செய்து எடுத்த பணம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி, மனிதரை ஏமாற்றி அவர் கையாலேயே அனுப்ப வைத்த பணம்.

'மக்காவ் மோசடி' என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். ஓர் அழைப்பு வரும். போலீஸ், நீதிமன்றம், வருமான வரி வாரியம் என்று ஏதாவது ஒரு பெயர். "உங்கள் பெயரில் பணமோசடி வழக்கு இருக்கிறது, யாரிடமும் சொல்லாதீர்கள், விசாரணை முடியும்வரை பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்பார்கள். இதில் உயிர்நாடி 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற வரிதான். ஏனென்றால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாடகம் முடிந்துவிடும். ஆயுள் முழுக்க அரசாங்க அதிகாரிக்கும் தோட்டத்துத் துரைக்கும் பயந்து பழகிய தலைமுறைக்கு, மிரட்டும் குரலை எதிர்த்துப் பேச வராது. மோசடிக்காரர்கள் அந்தப் பயத்தின் மேல்தான் தொழில் நடத்துகிறார்கள்.

இரண்டாவது வகை ஏபிகே கோப்பு. வீடு சுத்தம் செய்யும் சேவை, கல்யாணப் பத்திரிகை, அரசாங்க உதவிக்கான 'விண்ணப்பம்' என்ற வேஷத்தில் வாட்ஸ்அப்பில் வரும். அழுத்தினால் ஒரு செயலி உள்ளே உட்கார்ந்துகொண்டு குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால், பேங்க் அனுப்பும் ஓடிபி எண் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவர்கள் கைக்குப் போய்விடும். சாராவுக்குப் பதிவே தேவையில்லை என்று மேலே சொன்னேன் இல்லையா? அந்த 'பதிவு செய்ய இங்கே அழுத்தவும்' லிங்க் ஏன் பொய் என்று இப்போது புரியும்.

தடுக்க எதுவுமே செய்யவில்லையா என்று கேட்டால், செய்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, ஓடிபி குறுஞ்செய்தியை விட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி பேங்குகளைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பேங்க் செயலி ஒரே ஒரு ஃபோனில்தான் அனுமதி கொடுக்கும், புதிய ஃபோனுக்கு மாறினால் கொஞ்ச நேரம் காக்க வைக்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் காரணம் இதுதான். 2023 மே மாதம் முதல் லிங்க் உள்ள குறுஞ்செய்திகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுக்கத் தொடங்கின. அங்கே கதவு மூடியதும் மோசடி வாட்ஸ்அப், டெலிகிராம் பக்கம் நகர்ந்துவிட்டது.

இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள்?

ஏமாற்றி வாங்கிய பணம் மோசடிக்காரரின் சொந்தக் கணக்குக்குப் போகாது. வேறு யாருடைய பெயரிலோ உள்ள கணக்குக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்கு, பிறகு இன்னொன்றுக்கு என்று சில நிமிஷங்களில் சிதறிவிடும். அந்த 'யாரோ'வைக் கழுதைக் கணக்குக்காரர் என்பார்கள். அந்த யாரோ பெரும்பாலும் உங்கள் வயசுக்காரர்.

எப்படி மாட்டுகிறார்கள்? "பகுதி நேர வேலை", "உன் ஏடிஎம் கார்டை மட்டும் கொடு, மாசம் சில நூறு ரிங்கிட்", "என் கணக்கில் பிரச்சினை, உன் கணக்குக்கு பணம் வரும், எடுத்துக் கொடுடா மச்சான்". கேட்பவர் பல நேரம் தெரிந்தவராகவே இருப்பார். "நான் யாரையும் ஏமாத்தல, கார்டுதான கொடுத்தேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த மாதிரிக் கணக்குகளுக்காகவே 2024-இல் குற்றவியல் சட்டத்தில் 424ஏ முதல் 424டி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சிறைத்தண்டனை வரை போகும். ஒரு பக்கம் பாரிட் புந்தாரில் ஒரு பாட்டியின் சேமநிதிப் பணம், இன்னொரு பக்கம் எங்கோ ஒரு மாணவரின் எதிர்காலம். இரண்டும் ஒரே மோசடியில் போகிறது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால்?

அழுகை, சண்டை, "உன்னை யாரு அழுத்தச் சொன்னா" எல்லாம் பிறகு. முதலில் 997. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண் இது. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், பேங்குகள் எல்லாம் சேர்ந்து இயங்குகிறது. பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே அதைத் துரத்தி முடக்குவதுதான் இவர்களின் வேலை. அதனால்தான் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அதோடு பேங்கின் அவசர எண்ணுக்கும் அழையுங்கள். பல பேங்க் செயலிகளில் கணக்கை உடனே முடக்கும் 'கில் சுவிட்ச்' இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே அம்மாவின் ஃபோனில் தேடிவையுங்கள். பிறகு போலீஸ் புகார்.

தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்புவதற்கு முன், அரச மலேசிய போலீஸ் படையின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணையோ ஃபோன் நம்பரையோ தட்டிப் பார்க்கலாம். ஏற்கெனவே புகார் வந்திருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதால் நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

உங்கள் கார்டை ஏற்கெனவே நண்பருக்குக் கொடுத்திருந்தால்? அவரிடம் திருப்பிக் கேட்டுக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். பேங்கைக் கூப்பிட்டு கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள், நடந்ததை எழுதி போலீஸ் புகார் செய்யுங்கள், அவரோடு பேசிய உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போலீஸ் நிலையத்துக்குள் எப்படிப் பேசுவது என்பதில், இந்த ஒரு தடவை, அவர்கள்தான் உங்களுக்கு உதவ வேண்டியிருக்கும்.