நீர் காத்த கப்பல்

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், யூர்கோர்டன் தீவின் கரையில் உள்ள வாசா அருங்காட்சியகம் வாசா என்ற ஒரே ஒரு கப்பலுக்காகக் கட்டப்பட்டது. உள்ளே வெளிச்சம் குறைவு. நானூறு ஆண்டுப் பழைய மரத்துக்காக விளக்குகளைத் தணித்தே வைத்திருக்கிறார்கள். கண் பழகியதும் 69 மீட்டர் நீளமுள்ள கரிய கப்பல் எதிரே முழுதாக நிற்பது தெரியும். கட்டடக் கூரைக்கு மேலே தெரியும் கம்பங்கள், அதன் பாய்மரங்கள் அந்நாளில் எவ்வளவு உயரம் இருந்தன என்பதைக் காட்ட நடப்பட்டவை.

போலந்துடன் போரில் இருந்த மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடோல்ஃபின் ஆணைப்படி கட்டப்பட்ட போர்க்கப்பல் இது. இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள். மேற்பகுதியின் கனத்தை ஈடுகட்டும் அளவுக்கு அடிப்பகுதி அமையவில்லை. புறப்படுவதற்கு முன்பே அது தெரிந்திருந்தது. முப்பது பேரைத் தளத்தின் குறுக்கே இங்கும் அங்கும் ஓடவிட்டுச் சோதித்தபோது கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, துணைத் தளபதி கிளாஸ் ஃபிளெமிங் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை. மன்னரோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம். சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் காற்று ஒன்று வீசிக் கப்பலைச் சாய்த்தது. திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்கள் வழியாக நீர் புகுந்தது. ஊர் பார்த்திருக்க, துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது. சுமார் முப்பது பேர் இறந்தனர். விசாரணை நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. தலைமைக் கப்பல் கட்டுநர் ஹென்ரிக் ஹைபெர்ட்சன் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவரோ மன்னர்.

1660களில் மூழ்குமணி என்ற காற்றடைத்த கூண்டுக்குள் இறங்கியவர்கள், இருட்டில், பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை மேலே கொண்டுவந்தார்கள். அதன்பின் கப்பலை எல்லோரும் மறந்தனர். 1956இல் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் அதைக் கண்டுபிடித்தார்; 1961 ஏப்ரல் 24 அன்று அது நீருக்கு மேல் வந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு அங்கே வாழாது. ஆக்சிஜன் குறைந்த சேறும் அழுகலைத் தடுத்தது. இன்று நிற்கும் கப்பலில் 98 சதவீதம் அசல் மரமே.

கரையேறிய பிறகுதான் அதற்குச் சிக்கல். ஈரம் காய்ந்தால் மரம் சுருங்கி வெடிக்கும். எனவே மரத்துக்குள் நீரிருந்த இடத்தை நிரப்ப, பாலியெத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். அதற்கப்புறமும் தொல்லை தீரவில்லை. நகரக் கழிவு கலந்த நீரிலிருந்து மரம் உறிஞ்சிய கந்தகம், காற்றுப் பட்டு அமிலமாக மாறியது. துருப்பிடித்த இரும்பு ஆணிகள் அதைத் துரிதப்படுத்தின. 2000ஆம் ஆண்டளவில் மரத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொருக்குகள் தென்பட்டன. காற்றின் ஈரப்பதத்தைச் சுமார் 55 சதவீதத்தில் நிறுத்தும் கருவிகள் வந்தன. ஆயிரக்கணக்கான ஆணிகள் துருவேறாத எஃகுக்கு மாற்றப்பட்டன.

கப்பலைச் சுற்றிப் பல தளங்கள் இருப்பதால் அடிப்பகுதி முதல் மேல்தளம் வரை அருகில் பார்க்கலாம். பின்புறத்தில் மணிக்கணக்கில் நிற்கலாம். சிங்கங்கள், வீரர்கள், கடவுளர் என நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள்; அவை அந்நாளில் பளிச்சென்று வண்ணம் பூசப்பட்டிருந்தன என்பதைப் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக் கப்பல் காட்டுகிறது. முன்புறத்தில் பெஞ்சின் கீழ் ஒடுங்கிக் கிடக்கும் போலந்துப் பிரபுவின் உருவமும் உண்டு. எதிரியைச் சீண்டச் செதுக்கியது. அதைப் பார்க்க எதிரிக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

தச்சர்கள் பயன்படுத்திய அளவுகோல்கள் நான்கு கிடைத்துள்ளன: இரண்டு ஸ்வீடன் அடிக்கணக்கில், இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடிக்கணக்கில். இந்த இரு அடிகளும் ஒரே நீளம் அல்ல. இறந்தவர்களின் எலும்புகளும் தனியே வைக்கப்பட்டுள்ளன; நெடுங்காலம் ஆண் என்று கருதப்பட்ட ஒருவர் பெண் என்று 2023இல் மரபணுச் சோதனை காட்டியது.