மொறுமொறு ரகசியம் பாட்டியிடம் இருந்தது

2022 ஜனவரி. பிரிக்பீல்ட்ஸில் வேலையை முடித்துக்கொண்டு, மகனோடு ஒரு விரைவு உணவுக் கடைக்குப் போனேன். "பெரிய ஃபிரைஸ் இப்போதைக்கு இல்லை" என்றார்கள். உலகெங்கும் சரக்குக் கப்பல்கள் தாமதமான காலம் அது. கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை வெள்ளம் பாதித்ததால், முந்தைய மாதம் ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் சில நாட்கள் சிறிய பாக்கெட்டை மட்டுமே விற்றது.

மகனின் முகம் சுருங்கியது. "வீட்டுல அம்மா செஞ்சு தரேன்டா" என்று சொல்லிவிட்டேன்.

செய்தேன். வெளியே கறுப்பு, உள்ளே பச்சை, பத்து நிமிடத்தில் தொய்ந்தும் போனது. நான்கு துண்டு தின்றவன், "பரவால்லம்மா" என்றான். வானொலியில் ஊருக்கே சமையல் குறிப்பு சொல்கிறவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் என் அம்மாவிடம் புலம்பினேன்.

"கிழங்க எங்க வச்சிருந்த?"

"பிரிட்ஜில."

"அதான் கறுத்துப் போச்சு. வாழைக்காய நறுக்குனா தண்ணியில போடுவோம்ல, இதுக்கு ஏன் போடல?"

அம்மா சொன்னது அனுபவம். காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பிரிட்ஜின் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அது எண்ணெயில் சீக்கிரம் கருகும். அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளும் கூடுதலாக உருவாகும். வறுத்த, பொரித்த உணவுகளில் அது இருப்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதனால் பொன்னிறத்தோடு நிறுத்துவதே நல்லது.

எங்கள் வீட்டுச் செய்முறை இதுதான்:

* மாவுச்சத்து அதிகமுள்ள ரஸ்ஸெட் வகைக் கிழங்கு 1 கிலோ. விரல் தடிமனுக்கும் குறைவாக, ஒரே அளவில் நறுக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.
* 2 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வினிகர், உப்பு சேர்த்து 10 நிமிடம் வேகவிடுங்கள். வினிகரின் புளிப்பு கிழங்கை உடையாமல் காக்கும்.
* வடித்து, துணியில் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும்; மொறுமொறுப்பும் வராது.
* மிதமான சூட்டில், சுமார் 160 டிகிரியில், நிறம் மாறாமல் ஒருமுறை பொரித்து ஆறவையுங்கள்.
* பரிமாறும்போது 190 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் மீண்டும் பொரியுங்கள். சூட்டோடு உப்பு தூவுங்கள்.

"ரெண்டு தடவையா? எண்ணெய் என்ன விலை விக்குது!" என்று அம்மா முதலில் முறைத்தார். 1 கிலோ மானிய பாக்கெட் எண்ணெயையே கணக்குப் பார்த்து ஊற்றுகிறவர் அவர். ஒரு கைப்பிடி தின்று பார்த்த பிறகு பேச்சே இல்லை.

மாலை நேர நிகழ்ச்சி இருக்கும் வாரங்களில் இது எனக்குக் கைகொடுக்கிறது. முதல்முறை பொரித்ததை ஆறவைத்து உறையறையில் வைத்துவிடுவேன். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினால், அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் போட்டு எடுக்க ஐந்து நிமிடம் போதும். மகனோடு உட்கார்ந்து சாப்பிட நேரம் மிஞ்சுகிறது.

கடையில் பெரிய பாக்கெட் மறுபடி வந்துவிட்டது. மகன் கேட்பான், நானும் வாங்கித் தருவேன். ஆனால் கிள்ளானுக்குக் கிளம்பினால் மட்டும், "பாட்டிகிட்ட கிழங்கு இருக்கான்னு கேளும்மா" என்கிறான்.