மோட்டார் வண்டி வரியும் தாமதப்படும் தஸ்தாவேஜுகளும்

புதுச்சேரிப் பட்டணத்தில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்துள்ள பெரிய மார்க்கெட்டிற்குப் பொழுது புலருமுன்னரே சுற்றுக் கிராமங்களிலிருந்து கத்தரி, வெண்டை, வாழைக்காய், கீரை முதலியவை வந்து இறங்குகின்றன. முற்காலத்தில் மாட்டு வண்டியில் வந்த சரக்கு இப்பொழுது சிறு மோட்டார் வண்டிகளில் வருகிறது. மாட்டு வண்டிக்காரனுக்கு அச்சும் நுகமும் மாட்டின் லாடமும் சரியாயிருந்தாற் போதும். மோட்டார் வண்டிக்காரருக்கோ பதிவுச் சான்று, தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் பத்திரம், புகைச் சான்று, வரி ரசீது ஆகிய ஐந்தும் கையில் இருந்தாக வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்து வழியில் வண்டி நிறுத்தப்படுமாயின், கீரை காத்திராது. காலை எட்டு மணிக்குமேல் மார்க்கெட்டை அடையும் கீரைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைப் பயிரிடுவோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பெரிய மார்க்கெட்டிற்கு வரும் வண்டிகளில் பி.ஒய். 01 என்ற எண் தாங்கியவையும் உண்டு. கடலூரைக் குறிக்கும் டி.என். 31, விழுப்புரத்தைக் குறிக்கும் டி.என். 32 என்ற எண்கள் தாங்கியவையும் உண்டு. புதுச்சேரிப் பிரதேசம் ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பன்று. தமிழ்நாட்டு நிலத்தினிடையே சிதறிக் கிடக்கும் பல துண்டுகளாலாயது. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி நீங்கி, 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி சட்டபூர்வமாக இந்தியாவோடு சேர்ந்த பின்னரும் அவ்வெல்லைகள் மாறவில்லை. ஆகவே அடுத்த கிராமத்திற்குச் செல்கையிலேயே ஒரு சட்டத்தின் எல்லை கடந்து மற்றொரு சட்டத்தின் எல்லைக்குள் வண்டி புகுவதுண்டு. வண்டி வரி விதிக்கும் அதிகாரம் அரசியல் சாசனப்படி மாநிலங்களைச் சேர்ந்தது. புதுச்சேரிக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டிற்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றிற்கு முன்னோடியாய் விளங்கியது சென்னை மாகாணத்தின் 1931ஆம் ஆண்டு மோட்டார் வண்டி வரிச் சட்டமாகும். ரஸ்தாக்களில் கேட்டுப் போட்டு வசூலித்துவந்த சுங்கத்தை ஒழித்து, அதற்கு ஈடாக மோட்டார் வண்டிகள்மேல் வரி விதித்தது அச்சட்டமே. கேட்டில் நின்று காசு கொடுத்த காலத்தில் தஸ்தாவேஜு தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வரி அலுவலகத்திற்குச் சென்றதும் தஸ்தாவேஜும் உடன் சென்றது.

அங்கத்தினர் பலரிடையே நிலவும் ஒரு தப்பபிப்பிராயம் யாதெனில், மற்றத் தஸ்தாவேஜுகள் தீர்ந்து கைக்கு வந்த பின்னர் வரியைக் கட்டிக்கொள்ளலாம் என்பதாம். தகுதிச் சான்றுக்கு வண்டி இன்னும் பரிசோதிக்கப்படவில்லை. பெயர் மாற்றம் முடியவில்லை. கடன் கொடுத்தவரிடமிருந்து கடிதம் வரவில்லை. ஆகவே வரிக்கும் அவசரமில்லை என்று இருந்துவிடுகின்றனர். கெடு கடந்ததும் வரியோடு அபராதமும் சேருகிறது. வரி பாக்கியுள்ள வண்டிக்கு வேறு எக்காரியமும் அலுவலகத்தில் எளிதில் நடவாது. இவ்வாறு ஒரு தாமதம் மற்றொரு தாமதத்தைப் பெற்றுவிடுகிறது.

சட்டத்தின் நோக்கு வேறு. தமிழ்நாட்டுச் சட்டப்படி, உபயோகிக்கப்படும் வண்டிக்கு மட்டுமன்றி, உபயோகத்திற்கென வைத்திருக்கப்படும் வண்டிக்கும் வரி உண்டு. பதிவுச் சான்று அமலில் உள்ளவரை, வண்டி உபயோகத்திற்காகவே வைத்திருக்கப்படுகிறது என்று சட்டம் கொள்ளும். தகுதிச் சான்று இல்லாத வண்டி சாலையில் ஓடவே கூடாதே, அதற்கு ஏன் வரி என்ற நியாயமான கேள்வி கர்நாடகத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 1987ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. பதிவு அமலில் இருக்கும்வரை வரியை முன்னதாகச் செலுத்தியே தீரவேண்டும். வண்டி ஓடாதிருந்ததாயின் பிற்பாடு சட்டப்படி பணத்தைத் திரும்பக் கோரலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2025ஆம் ஆண்டில் அதே கோர்ட்டு, விசாகப்பட்டினம் உருக்காலையின் மதிலுக்குள்ளேயே ஓடிய வண்டிகளுக்கு ஆந்திரச் சட்டத்தின்கீழ் வரி இல்லையென்று தீர்ப்பளித்தது உண்மையே. அது பொதுச் சாலைக்கே வராத வண்டிகளைப் பற்றியது. காய்கறி ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டிற்கு வரும் வண்டி அதனைச் சுட்டிக்காட்டித் தப்ப முடியாது.

வரி வேறு, மற்றத் தஸ்தாவேஜுகள் வேறு என்பது 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் நன்கு விளங்கிற்று. அவ்வாண்டு ஊரடங்கின்போது பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகளே புதிய பஸ் நிலையத்திற்கு மாற்றப்பட்டன. போக்குவரத்து அலுவலகங்கள் இயங்காமையால், 2020 பிப்ரவரி 1ஆம் தேதிக்குப்பின் காலாவதியான தகுதிச் சான்று, பெர்மிட்டு, லைசென்சு, பதிவு முதலியவற்றைச் செல்லுபடியாகும் தஸ்தாவேஜுகளாகவே கொள்ளுமாறு மத்திய அரசு மார்ச்சு 30ஆம் தேதி அறிவித்து, அச்சலுகையைப் பலமுறை நீட்டி 2021ஆம் ஆண்டு வரை கொண்டு சென்றது. அந்த அறிவிப்பால் வரியின் கெடு நீளவில்லை. வரி மாநில விஷயமாதலின், அதற்கு மாநில அரசின் தனி உத்தரவு வேண்டியிருந்தது. தமிழ்நாடு அவ்வாறே காலாண்டு வரியின் கெடுவைத் தனியே நீட்டிற்று. மத்திய அரசின் அறிவிப்பு ஒன்றையே நம்பி இருப்பது போதுமானதாயில்லை.

ஆதலின் முதலில் வரியைச் செலுத்தி ரசீதைப் பெற்றுக்கொண்டு, அதன்பின் மற்றவற்றைத் தொடர்வதே முறை. தமிழ்நாட்டில் காலாண்டுகள் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் தேதியில் தொடங்குகின்றன. இத்தேதிகளைச் சங்கக் கட்டடத்தின் சுவரில் எழுதி வைப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

பெயர் மாற்றத் தாமதமே கிராமங்களில் மிகுதி. வண்டியை விற்றவர் அதே மாநிலத்திற்குள் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம். வாய்ப்பேச்சில் வண்டியை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர், ஓராண்டு கழித்து வரிப் பாக்கிக்கான நோட்டீசு தம் பெயருக்கே வரக்கண்டு திகைப்பதுண்டு. உடையவர் இறந்துவிட்டாலோ, வாரிசாக வண்டியைக் கைக்கொண்டவர் 30 நாட்களுக்குள் அலுவலகத்திற்குத் தகவல் கொடுத்தால், மூன்று மாதம் வரை வண்டியை உபயோகித்துக்கொண்டு அதற்குள் பெயர் மாற்றத்திற்கு மனுச் செய்யலாம். துக்கத்தினிடையே இதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சங்கத்தின் காரியதரிசி அக்குடும்பத்திற்கு நினைவூட்டுவது பேருதவியாகும்.

வண்டியை வேறு மாநிலத்திற்கு மாற்ற ஆட்சேபணையில்லாச் சான்று வேண்டும். ஒரு மாநிலத்து வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதத்திற்குமேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் பெறவேண்டுமென்பது விதியாதலால், எல்லையோரக் கிராமங்களில் இது அடிக்கடி நேரும். புதுச்சேரியில் வரி குறைவென்று வெளியூரார் அங்கே முகவரி காட்டிப் பதிவு செய்த விஷயம் 2017இல் கேரளத்தில் பெரிய வழக்குகளாக வெடித்ததையும் இங்கே நினைவுகூரலாம். மேற்படி சான்றுக்கான மனுவின்மேல் 30 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கப்படாவிட்டால், சான்று அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ஆனால் மனு என்று கொடுக்கப்பட்டது என்பதற்கு ஒப்புகைச் சீட்டு இருந்தாலன்றி இவ்வுரிமையால் பயனில்லை.

கூட்டுறவுச் சங்கங்களுக்கே உரிய கடமை ஒன்றும் உண்டு. சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய வண்டிக்குப் பெர்மிட்டுப் புதுப்பித்தல், பதிவுச் சான்றின் நகல் பெறுதல் போன்றவற்றிற்கு முன் கடன் கொடுத்தவரின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். கேட்ட 7 நாட்களுக்குள் சம்மதத்தையோ, காரணங்காட்டி மறுப்பையோ கடன் கொடுத்தவர் தெரிவிக்காவிடில், சம்மதம் அளித்ததாகவே சட்டம் கொள்ளும். அடுத்த பஞ்சாயத்தார் கூட்டம் வரட்டும் என்று மனுவைப் பெட்டியில் வைத்திருக்கும் சங்கம், அங்கத்தினருடைய காரியத்தையும் தாமதப்படுத்தித் தன் உரிமையையும் இழக்கிறது. கூட்டம் மாதத்திற்கொருமுறையே நடக்குமாயின், இவ்விஷயத்தில் மட்டும் காரியதரிசிக்கு அதிகாரம் வழங்கும் தீர்மானம் ஒன்றை முன்னரே நிறைவேற்றிக்கொள்ளலாம்.

எஞ்சின் பழுதாகிப் பல மாதம் வண்டியை நிறுத்தி வைக்க நேர்ந்தால், அச்செய்தியை எழுத்து மூலம் முன்கூட்டியே அலுவலகத்திற்குத் தெரிவித்து, வண்டி உபயோகத்தில் இல்லை என்ற சான்றைப் பெறவேண்டும். அச்சான்றுள்ள காலத்திற்கே வரி விலக்கு உண்டு. கொட்டகையில் நின்றிருந்தது, ஊரே சாட்சி என்று பின்னால் வாதாடுவது பெரும்பாலும் பலிப்பதில்லை.

வரி செலுத்துவது இப்பொழுது பெரும்பாலும் பரிவாஹன் என்னும் அரசாங்க இணையதளத்தின் வழியாகவே நடைபெறுகிறது. பாங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிந்தும் ரசீது வாராதிருப்பது சில வேளை நேரும். உடனே இரண்டாம் முறை கட்டிவிடாமல், பாங்கி அளித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, தடைப்பட்ட செலுத்துகைகளின் நிலையை அறிய அதே தளத்திலுள்ள பகுதியில் பார்க்க வேண்டும். கடைசி நாள் இரவில் இவ்வேலையைத் தொடங்குவோர்க்கு அதற்கும் அவகாசமிராது.

வரி ரசீது கையிலிருப்பதனாலேயே வண்டியை ஓட்டிவிடலாம் என்று எண்ணுவதும் பிழை. தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி பதிவே இல்லாத வண்டிக்குச் சமமாகக் கருதப்படும். முதல் தடவைக்கு 2,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாமைக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி முதல் தடவை 2,000 ரூபாயும், மீண்டும் செய்தால் 4,000 ரூபாயும் ஆகும். அபராதமாவது ஒருநாள் விற்பனையோடு போய்விடும். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியால் ஒருவர் இறந்தால் அந்த நஷ்டஈடு உடையவரின் நிலத்தையே விழுங்கிவிடக்கூடும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டு வேண்டியதில்லை என்பதையும் சிலர் வரியே வேண்டியதில்லை எனப் பொருள் கொள்கின்றனர். அவ்விலக்கு பெர்மிட்டுக்கு மட்டுமே உரியது. ரசீதும் சான்றுகளும் காகிதமாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி டிஜிலாக்கர், எம்பரிவாஹன் ஆகியவற்றில் உள்ள மின்னணு வடிவையே சோதனை செய்யும் அதிகாரியிடம் காட்டலாம். ஆயினும் வண்டியோட்டியின் கைப்பேசியில் அவை ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்பதை, வண்டி புறப்படும் முன்னிரவிலேயே பார்த்துக்கொள்ளல் நலம்.