பத்துக்குப் பன்னிரண்டு

அக்கா மகன் மடிக்கணினியும் கையுமாக வந்து உட்கார்ந்தான். கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு. முழுக்க லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அடித்தது. "மாமா, மேற்கோளையெல்லாம் சின்ன எழுத்துல போட்டேன். எழுத்து சின்னதாயிடுச்சு. வரி மட்டும் பழைய இடைவெளியிலயே நிக்குது" என்றான். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது டீயும் ஆயிற்று.

"12 பாயிண்ட்டுனு போட்டிருக்கியே, எது 12?" என்று கேட்டேன். 'க' என்ற எழுத்தின் உயரம் என்றான். அளந்து பார்த்தால் அப்படி இருக்காது. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு உலோகக் கட்டையின் தலையில் இருந்தது. 12 என்பது அந்தத் தலைப்பரப்பின் உயரம். எழுத்து அதற்குள் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்திருக்கும். ஈயம் போய்விட்டது, கணக்கு மட்டும் தங்கிவிட்டது. இரண்டு எழுத்துருக்களை ஒரே 12-இல் வைத்தாலும் ஒன்று குண்டாகவும் ஒன்று நோஞ்சானாகவும் தெரிவது இதனால்தான். பாயிண்ட்டிலேயே இரண்டு சாதி உண்டு: லேடெக்கின் அடியில் ஓடும் டெக்கில் ஓர் அங்குலத்துக்கு 72.27, போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் 72. அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

வரி இடைவெளிக்கு வந்தோம். நான்கு கோடு நோட்டில் எழுத்து எந்தக் கோட்டின்மேல் உட்காருகிறதோ அதுதான் அடிக்கோடு. ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரைக்கும் உள்ள தூரத்தைத்தான் வரி இடைவெளி என்கிறோம். நடுவில் தெரியும் வெள்ளையை மட்டும் அல்ல. 10 பாயிண்ட் எழுத்தை 12 இடைவெளியில் வைத்தால் 'பத்துக்குப் பன்னிரண்டு'. அந்த மிச்சம் 2 பாயிண்ட்டுக்குத்தான் அன்று வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயப் பட்டையைச் செருகினார்கள். ஆங்கிலத்தில் ஈயம் 'லெட்'. ஆகவே அது 'லெடிங்'. டிடிபி செய்பவர்கள் பலரும் 'லீடிங்' என்றே சொல்கிறார்கள். நானும் பத்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆக, எப்போதும் எண்கள் இரண்டு. லேடெக்கில் அளவை நாமே கொடுக்கும் 'ஃபான்ட்சைஸ்' கட்டளையும் இரண்டு எண் கேட்கும். பின்னாலேயே 'செலக்ட்ஃபான்ட்' என்று போடாவிட்டால் எதுவும் நடக்காது. 12 பாயிண்ட் ஆவணத்தில் சாதாரண எழுத்து 12-க்கு 14.5, அடிக்குறிப்பு அளவு 10-க்கு 12. இப்படி அளவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு எண்ணும் சேர்ந்தே மாறும்.

"சேர்ந்து மாறணும்ல? ஏன் மாறல?" என்றான்.

இங்கேதான் டெக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1977-இல் கணினி அறிஞர் டொனால்ட் குனூத்துக்குத் தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கு அச்சுப்படி வந்தது. எழுத்தைப் பார்த்தவருக்குப் பிடிக்கவில்லை. நாமே ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்து எழுதியதுதான் டெக். அது வரிவரியாக அடுக்குவதில்லை. பத்தி முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு, எங்கெங்கே உடைத்தால் மொத்தப் பத்தியும் நன்றாக வரும் என்று கணக்குப் போட்டு, அப்புறம்தான் வரிகளாக வெட்டுகிறது. எழுத்தின் அளவு ஒவ்வோர் எழுத்தும் உள்ளே வரும்போதே முடிவாகிவிடும். இடைவெளியோ பத்தி முடியும் அந்த நொடியில் என்ன எண் நடப்பில் இருக்கிறதோ அதுதான், முழுப் பத்திக்கும்.

அவன் கோப்பைத் திறந்தேன். நெளிவு அடைப்புக்குறி, சின்ன அளவு, மேற்கோள், உடனே அடைப்பு மூடல், அதற்கப்புறம் வெற்று வரி. அடைப்பு மூடியதும் இடைவெளி 14.5-க்குத் திரும்பிவிட்டது. வெற்று வரி வந்த பிறகே பத்தி முடிகிறது. ஆகவே 10 பாயிண்ட் எழுத்து, 14.5 இடைவெளி. மூடும் குறிக்கு முன்னால், பத்தியை அங்கேயே முடிக்கும் 'பார்' என்ற கட்டளையைப் போடச் சொன்னேன். போட்டான். ஓட்டினான். மேற்கோள் சுருங்கி ஒழுங்காக உட்கார்ந்தது. பெரிய எழுத்துத் தலைப்புக்கு இதே தவறு நேர்ந்தால் வரிகள் ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருங்கிவிடும். அது உடனே கண்ணில் படும். சின்ன எழுத்தில் நடப்பதுதான் அச்சாகி வரும்வரை ஒளிந்திருக்கும்.

பல்கலைக்கழகம் 'ஒன்றரை இடைவெளி' கேட்கிறதாம். 'லைன்ஸ்பிரெட்' 1.5 என்று போட்டு வைத்திருந்த ஒரு பிரதியைக் காட்டினான். வரிகள் கூட்டத்தில் தொலைந்த குடும்பம் மாதிரி நின்றன. அந்த எண் 14.5-ஐப் பெருக்கும், கிடைப்பது 21.75. 'செட்ஸ்பேஸ்' தொகுப்பில் ஒன்றரை என்று கேட்டால் அது 1.241-ஆல் பெருக்குகிறது. பெருக்கிப் பார்: 18 வரும். எழுத்தின் அளவான 12-க்கு அதுதானே ஒன்றரை!

கடைசியாக நன்றியுரை. அது தமிழில், டெக்கின் இன்னொரு வடிவமான ஸீடெக்கில் அடித்தது. இரண்டு வரி நெருங்கியும் மூன்றாவது விலகியும் கிடந்தன. மேல்வரியின் அடியும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொண்டால், டெக் சொன்ன இடைவெளியை அந்த இடத்தில் மட்டும் விட்டுவிட்டு, நடுவே 1 பாயிண்ட் வெள்ளை வைத்துத் தள்ளிவிடும். ஆங்கிலத்தில் அபூர்வம். நம் எழுத்தில் 'பு', 'சு' கீழே காலை நீட்டும், 'கீ', 'தீ' மேலே கொண்டை போடும், 14.5 எப்படிப் போதும்? தமிழில் 12 பாயிண்ட் எழுத்துக்கு 17-க்குக் குறைவாக நான் வைப்பதில்லை.

17 என்று மாற்றி ஓட்டினான். மேல்வரியில் இருந்த 'அன்பு'வின் கால், கீழ்வரி 'தீராத'வின் கொண்டையை விட்டு விலகியது. "இந்தப் பக்கத்தை மட்டும் 18 வெச்சுக்கவா மாமா?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் மாற்றினான்.